டிராக்டர், ரோட்டவேட்டர், டிரெய்லர்: வீட்டிலேயே சூடு காட்டிப் பழுது பார்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

உழவு நேரத்தில் ரோட்டவேட்டரின் (சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் கருவி) பேரிங் (சுழலும் தண்டைத் தாங்கும் வளையம்) போய்விட்டால் மெக்கானிக் வரும்வரை காத்திருக்க முடிவதில்லை. அதனால்தான் பாதிப் பேர் வீட்டுக் களத்திலேயே சம்மட்டியும் கேஸ் டார்ச்சுமாக உட்கார்ந்துவிடுகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் சூடு காட்டுவதற்கு முன் ஒன்றை முடிவு செய்ய வேண்டும்: இந்தப் பாகம் திரும்ப வண்டியில் ஏறப்போகிறதா, பழைய இரும்புக்குப் போகப்போகிறதா? கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கும்.

துருப்பிடித்து இறுகிய நட்டு, சூடு காட்டியதும் ஏன் கழல்கிறது?

இரும்பு சூட்டில் விரியும். 1 மீட்டர் நீள இரும்பு, 100 டிகிரி சூடு ஏறினால் சுமார் 1.2 மில்லிமீட்டர் நீளும். 20 மி.மீ. போல்ட்டின் நட்டை 250 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால் அதன் துளை 0.06 மி.மீ. அகலும். கேட்கக் கொஞ்சமாகத் தெரியும், மரைக்குள் அதுவே தாராளம்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. துரு என்பது தான் தின்ற இரும்பைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் இடம் பிடிக்கும். மரை இடுக்கில் அது ஆப்பு அடித்தமாதிரி உட்கார்ந்திருக்கிறது. நட்டு விரிந்து சுருங்கும்போது அந்தத் துரு நொறுங்கும். அதனால்தான் சூடாக இருக்கும்போது அசையாத நட்டு, ஆறின பிறகு சில நேரம் சுலபமாகச் சுற்றும். ஒரு தடவை முடியவில்லை என்றால் ஆறவிட்டு மறுபடி சூடு காட்டுங்கள். மூன்றாவது சுற்றில் விட்டுக்கொடுக்கும் நட்டுகள் நிறைய உண்டு.

சூடு நட்டுக்குத்தான், போல்ட்டுக்கு அல்ல. வெளியே இருப்பது விரிய வேண்டும், உள்ளே இருப்பது குளிர்ந்தே இருக்க வேண்டும். ஆகவே சின்னச் சுடரை வைத்து ஐந்து நிமிடம் தடவிக்கொண்டிருப்பது வீண் வேலை. அதற்குள் போல்ட்டும் சேர்ந்து சூடாகிவிடும். நல்ல வேகமான சுடர், குறைந்த நேரம், உடனே ஸ்பேனர்.

மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பட்டையை வரட்டித் தீயில் பழுக்க வைத்து, மரச் சக்கரத்தின் மேல் இறக்கி, தண்ணீர் ஊற்றியதும் அது சுருங்கிக் கவ்விக்கொள்ளும். இந்தப் பக்கத்தில் உள்ள பாதி வேலைகள் அதே வேலைதான், சில நேரம் தலைகீழாக.

சூடு காட்டுவதற்கு முன் வேறு என்ன முயல வேண்டும்?

கம்பி பிரஷ்ஷால் மரையைச் சுத்தம் செய்யுங்கள். டீசல் அல்லது துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். காலையில் நட்டின் பக்கவாட்டில் கீழே கனமான இரும்பை அணைத்துப் பிடித்து, மேலே சுத்தியலால் நாலு தட்டுத் தட்டுங்கள். அப்புறம் கழற்றும் திசையில் போகாமல், முதலில் இறுக்கும் திசையில் ஒரு நூல் அளவு அசைத்துப் பாருங்கள். துரு உடையும் சத்தம் கேட்டால் பாதி வேலை முடிந்தது.

டீசல் ஊறிய இடத்தில் அப்படியே சுடரைக் காட்டாதீர்கள், துடைத்துவிட்டுக் காட்டுங்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் ஸ்பிரே அடித்த இடத்தில் சூடோ வெல்டிங்கோ வேண்டவே வேண்டாம். அது சூட்டில் ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாக மாறும்.

எண்ணெயைவிட நன்றாக உள்ளே போவது மெழுகு. நட்டைச் சூடாக்கி, சுடரை விலக்கிவிட்டு, மெழுகுவத்தியை மரை ஓரத்தில் தொடுங்கள். உருகிய மெழுகு இடுக்கு வழியாக இழுபட்டு உள்ளே போகும், வழுக்கலும் கொடுக்கும். செலவே இல்லாத வித்தை இது.

எவ்வளவு சூடு ஏறியது என்று தெர்மாமீட்டர் இல்லாமல் எப்படித் தெரிந்துகொள்வது?

தண்ணீர்த் துளி தெளித்ததும் சீறி ஆவியானால் 100 டிகிரியைத் தாண்டிவிட்டது. துளி ஆவியாகாமல் உருண்டு ஓடினால் ஏறத்தாழ 200 டிகிரி இருக்கும்.

ரேடியோ ரிப்பேர்க் கடையில் கிடைக்கும் சாதாரண ஈயக் கம்பி இதற்கு மிக நல்ல கருவி. 60-க்கு 40 கலவை உள்ள கம்பி 183 முதல் 190 டிகிரிக்குள் உருகும். பாகத்தின் மேல் தொட்டுப் பாருங்கள். உருகி ஒட்டினால் அந்தச் சூடு வந்துவிட்டது என்று அர்த்தம்.

அதற்கு மேல் நிறம் பேசும். ஓர் இடத்தை உப்புத்தாள் போட்டுப் பளபளப்பாக்கி வைத்துக்கொள்ளுங்கள். 220 – 230 டிகிரியில் வெளிர் வைக்கோல் மஞ்சள், 260 வாக்கில் பழுப்பு, 280-இல் ஊதா, 300-ஐ நெருங்கும்போது நீலம். நிழலில் பார்த்தால் 500 – 550 டிகிரியில் மங்கலான சிவப்பு தெரிய ஆரம்பிக்கும். உச்சி வெயிலில் அந்தச் சிவப்பு கண்ணுக்கே தெரியாது. சூடு காட்டும் வேலையைக் கூரை நிழலிலோ சாயங்காலமோ செய்யச் சொல்வது இதற்காகத்தான். காந்தம் ஒட்டவில்லை என்றால் 770 டிகிரியைத் தாண்டிவிட்டது. வீட்டு வேலைக்கு அவ்வளவு தூரம் போக வேண்டிய அவசியம் அனேகமாக இல்லை.

இப்போது மலிவாகக் கிடைக்கும் துப்பாக்கி மாதிரி இருக்கும் வெப்பமானி பளபளப்பான உலோகத்தில் குறைவாகக் காட்டும். பாகத்தில் ஓர் இடத்தில் கறுப்பு பெயின்ட் தடவி, அது காய்ந்ததும் அங்கே பார்த்தால் ஓரளவு சரியாக வரும்.

சிவக்கச் சூடாக்கிய போல்ட்டைத் திரும்பப் போடலாமா?

கூடாது. தலையில் 8.8, 10.9 என்று எழுதியிருக்கும் போல்ட்டுகள் தோய்ச்சல் போட்டு (காய்ச்சித் திரவத்தில் முக்கி) பதப்படுத்தியவை. அந்தப் பதம் போடும் சூடே 425 டிகிரிக்குச் சற்று மேல்தான். சிவக்க விட்டால் பதம் போய், பார்க்க அப்படியே இருக்கும், பலம் இருக்காது. ரோட்டவேட்டர் பிளேடு போல்ட், வீல் போல்ட், டிரெய்லர் கொக்கி போல்ட் எல்லாம் இந்த ரகம். நட்டையும் சேர்த்து மாற்றுங்கள். நைலான் வளையம் உள்ள நட்டு என்றால் கேள்வியே இல்லை, வளையம் உருகிப்போயிருக்கும்.

சிவப்பு நிற லாக் திரவம் போட்டு இறுக்கிய போல்ட்டுக்கு 250 டிகிரி வரை சூடு காட்டினால் பசை இளகிவிடும். அதற்குச் சிவக்க வேண்டியதில்லை. நீலம் வருவதற்கு முன்பே முடிந்துவிடும் வேலை.

எந்தச் சுடர் எதற்கு?

கேஸ் டார்ச் எனப்படும் எல்.பி.ஜி. சுடர் நட்டு, சின்னப் புஷ் (துளைக்குள் இறுக்கிப் போடும் உலோக உறை), ரிங் கியர் (இன்ஜினின் கனச் சக்கரமான ஃப்ளைவீலைச் சுற்றியிருக்கும் பல் வளையம்) ஆகியவற்றுக்குப் போதும். கனமான இணைப்பு பின், டிராபார் (டிரெய்லரை இழுக்கும் சட்டம்) போன்றவற்றுக்கு ஆக்சிஜன் சேர்ந்த செட் தேவை. ஆக்சிஜன் – அசிட்டிலின் சுடர் 3,000 டிகிரியைத் தாண்டும், எல்.பி.ஜி.யும் ஆக்சிஜனும் சேர்ந்தது கொஞ்சம் குறைவு. பெரிய பொருளை மெதுவாக, எல்லா இடமும் ஒன்றுபோலச் சூடாக்க வேண்டுமா? அங்கே விலையுயர்ந்த செட்டைவிட வரட்டித் தீயும் கொட்டாங்கச்சிக் கரியும்தான் மேல் என்பது என் கருத்து. சுடர் ஒரே இடத்தைத் தாக்கும், கரித்தணல் சுற்றிலும் அணைக்கும்.

வீட்டுச் சமையல் சிலிண்டரை, அதாவது 14.2 கிலோ சிலிண்டரை, இந்த வேலைக்குப் பயன்படுத்துவது சட்டப்படி தவறு. 19 கிலோ வணிக சிலிண்டர்தான் வாங்க வேண்டும். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் பள்ளத்தில் தேங்கும். சர்வீஸ் குழிக்குள் இறங்கி டார்ச் பற்றவைக்காதீர்கள்.

அசிட்டிலின் சிலிண்டரைப் படுக்க வைக்கக் கூடாது. உள்ளே இருக்கும் அசிட்டோன் திரவம் வாயுவோடு வெளியே வந்துவிடும். ரெகுலேட்டரிலிருந்து வெளிவரும் அழுத்தம் 15 பி.எஸ்.ஐ.க்கு மேல் போகக் கூடாது. ஆக்சிஜன் ரெகுலேட்டரில் கிரீஸ் கையோடு தொடாதீர்கள். சுத்த ஆக்சிஜன் பட்டால் எண்ணெயும் கிரீஸும் தானாகவே பற்றிக்கொள்ளும். 'காற்றுக்குப் பதிலாக ஆக்சிஜனால் ஊதித் தூசி தட்டினேன்' என்று சொல்பவர்களைக் கண்டால் பயமாக இருக்கிறது.

புது பேரிங்கைச் சூடாக்கி ஏற்றுவது எப்படி?

110 டிகிரி போதும், 120-ஐத் தாண்ட வேண்டாம். அதற்கு மேல் போனால் பேரிங் இரும்பின் அளவே நிரந்தரமாக மாறலாம். 40 மி.மீ. துளை உள்ள பேரிங் 80 டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட 0.04 மி.மீ. விரியும். ஷாஃப்ட்டில் (தண்டில்) வைத்ததும் தானே வழுக்கி உட்கார அது போதுமானது.

பேரிங் மேல் நேரடியாகச் சுடர் காட்டக் கூடாது. ஒரு பக்கம் நீலம் பூத்துவிட்டால் அந்தப் பேரிங் சீக்கிரமே சத்தம் போட ஆரம்பிக்கும். பழைய முறை எண்ணெயில் போடுவது: பாத்திரத்தில் சுத்தமான இன்ஜின் ஆயில், பேரிங்கைக் கம்பியில் கட்டி அடி தொடாமல் தொங்கவிட வேண்டும், அடியில் சிறு தீ. எண்ணெயில் புகை எழும்பினால் தீ அதிகம் என்று பொருள். பக்கத்தில் இறுக்கமாக மூடும் தட்டு ஒன்று இருக்கட்டும், தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூட வேண்டும். இவ்வளவு சிரமம் வேண்டாம் என்றால் தோசைக்கல்லில் மணல் பரப்பி அதன்மேல் பேரிங்கை வைத்து அடிக்கடி திருப்பிவிடுங்கள். பழைய தோசைக்கல்லாக இருக்கட்டும், வீட்டில் சண்டை வேண்டாம்.

இரு பக்கமும் ரப்பர் மூடி உள்ள பேரிங்குக்கு 80 டிகிரிதான் எல்லை. எண்ணெயில் போடவே கூடாது, உள்ளே இருக்கும் கிரீஸ் கரைந்துவிடும்.

ஏற்றியதும் ஷாஃப்ட் தோள்பட்டையோடு ஒட்டி ஆறும்வரை அழுத்திப் பிடியுங்கள். ஆறும்போது அகலத்திலும் சுருங்கும், விட்டுவிட்டால் இடைவெளி நிற்கும்.

பேரிங்கைத் தட்டி ஏற்ற வேண்டியிருந்தால்?

ஷாஃப்ட்டில் ஏறுவது என்றால் உள்வளையத்தில் தட்ட வேண்டும், ஹவுசிங்கில் (பேரிங் உட்காரும் குழியில்) இறங்குவது என்றால் வெளிவளையத்தில். மாற்றித் தட்டினால் அடி முழுவதும் குண்டுகள் மேல் விழும். தட்டுவதற்குச் சரியான அளவு ஜி.ஐ. பைப் துண்டு ஒன்றும், கழித்துப்போட்ட பழைய பேரிங்கின் வெளிவளையமும் போதும். அந்த வளையத்தின் வெளிப்புறத்தைக் கிரைண்டரில் லேசாகத் தேய்த்துவிட்டால் ஹவுசிங்கில் மாட்டிக்கொள்ளாது. பழைய பேரிங்குகளைத் தூக்கிப் போடாதீர்கள்.

வளையத்தில் நேராகச் சுத்தியல் படக் கூடாது. பேரிங் இரும்பு கடினமானது, சில்லு தெறிக்கும். கண்ணாடி போட்டுக்கொள்ளாமல் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம்.

பழைய பேரிங்கின் வெளிவளையம் மட்டும் மூடிய குழிக்குள் மாட்டிக்கொண்டது. பின்னாலிருந்து தட்ட வழியில்லை.

வளையத்தின் உள்பக்கம் சுற்றிலும் ஒரு வரி வெல்டிங் ஓட்டுங்கள். ஆறும்போது வெல்டிங் சுருங்கி, வளையத்தையும் சேர்த்து உள்ளே இழுக்கும். பல நேரம் கவிழ்த்தாலே கழன்று விழும். வளையம் எப்படியும் குப்பைக்குத்தான் போகிறது, அதனால் தயங்க வேண்டியதில்லை. ஹவுசிங்கில் வெல்டிங் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், எர்த் கிளாம்பை அதே பாகத்தில் போடுங்கள். எர்த் வேறெங்காவது இருந்தால் மின்சாரம் நல்ல பேரிங்குகள் வழியாகப் பாய்ந்து அவற்றையும் கெடுக்கும். வண்டியிலேயே வெல்டிங் என்றால் பேட்டரி வயரையும் ஆல்டர்னேட்டர் வயரையும் கழற்றிவிட வேண்டும்.

ஃப்ளைவீல் நடுவில் இருக்கும் சின்ன பைலட் பேரிங்குக்கு வெல்டிங்கும் வேண்டாம். துளை நிறையக் கிரீஸ் அடையுங்கள், துளைக்குச் சரியாகப் பொருந்தும் ராடு ஒன்றை வைத்துத் தட்டுங்கள். கிரீஸுக்குப் போக இடமில்லாமல் பேரிங்கைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வெளியே வரும். கிரீஸ் ஓரத்தில் பிதுங்கினால் ஈரமான செய்தித்தாளைக் கசக்கி அடைத்துத் தட்டலாம்.

ஃப்ளைவீல் ரிங் கியர் பல் தேய்ந்துவிட்டது. வீட்டில் மாற்றலாமா?

இன்ஜினும் கியர் பாக்ஸும் பிரிந்து கிடக்கிறது என்றால் மாற்றலாம். பழைய ரிங்கை ஒரு பல்லிடுக்கில் துளை போட்டு, உளி வைத்து ஓர் அடி கொடுத்தால் வெடித்துக் கழலும். ஃப்ளைவீலைக் காயப்படுத்தாதீர்கள்.

புது ரிங்கைச் செங்கல் துண்டுகள் மேல் மட்டமாக வையுங்கள். சுடரைப் பல்லின் மேல் காட்டாமல் உள்ளோரத்தில் காட்டி, நிறுத்தாமல் வட்டமாக ஓட்டுங்கள். பல் பகுதி கடினமாக்கப்பட்டது. நீலம் வந்தால் பல் மென்மையாகிவிடும். வைக்கோல் மஞ்சளில் நிறுத்த வேண்டும். கணக்குப் பார்த்தால் 350 மி.மீ. விட்டமுள்ள ரிங் 200 டிகிரி சூடேறினால் 0.8 மி.மீ.க்கு மேல் அகலும், பிடிப்பு அதைவிடக் குறைவுதான். சில இடங்களில் ஈயக் கம்பி தொட்டுப் பார்த்து, எல்லா இடத்திலும் உருகினால் குறடுகளால் இரண்டு பேர் தூக்கி இறக்க வேண்டும். பல்லின் சரிவான முனை ஸ்டார்ட்டர் பினியன் (ஸ்டார்ட்டர் மோட்டாரின் சிறு பல் சக்கரம்) வந்து சேரும் பக்கம் பார்க்க வேண்டும். இதைத் தூக்குவதற்கு முன்னாலேயே சுண்ணக்கட்டியால் குறித்து வைப்பது நல்லது, ரிங் கையில் சுடும்போது யோசிக்க நேரம் இருக்காது. இறங்கியதும் பித்தளை ராடால் சுற்றித் தட்டி முழுதாக உட்கார்ந்ததா என்று பாருங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம், தானாக ஆறட்டும். மாட்டுவண்டிப் பட்டையோடு இது வேறுபடும் இடம் இதுதான்.

புல்லர் (ஹப், பேரிங் போன்றவற்றை இழுத்துக் கழற்றும் கருவி) இல்லை. என்ன செய்வது?

12 மி.மீ. கனமான தகட்டுத் துண்டு, இரண்டு நீண்ட மரைக் கம்பிகள், நாலு நட்டு, நடுவில் தள்ள ஒரு பெரிய போல்ட். பெரும்பாலான ஹப்பில் (சக்கரத்தின் நடுப் பாகத்தில்) மரைத் துளை இருக்கும், அதில் கம்பிகளைப் பொருத்தித் தகட்டை மாட்டி நடு போல்ட்டை இறுக்கினால் ஹப் நேராக வெளியே வரும். இரண்டு பக்கமும் ஒரே அளவு இறுக்க வேண்டும், கோணலானால் கம்பி வளையும்.

நடு போல்ட்டுக்குப் பதில் பாட்டில் ஜாக்கி வைப்பவர்களும் உண்டு. 20 டன் ஜாக்கிக்குத் தகடு தாங்குமா என்று யாரும் கணக்குப் போடுவதில்லை. ஜாக்கி வைக்கிறீர்கள் என்றால் முன்னால் நிற்காதீர்கள், மேலே கனமான சாக்கைப் போர்த்திவிடுங்கள். ஜாக்கியால் இழுவிசை கொடுத்து வைத்துவிட்டு, ஹப் மேல் சூடு காட்டி, பக்கவாட்டில் ஒரு தட்டு. இழுவிசை, சூடு, அதிர்ச்சி மூன்றும் சேர்ந்தால் தனித்தனியாக எதுவும் செய்ய முடியாததைச் செய்யும். ஹப்புக்குப் பின்னால் ஆயில் சீல் இருந்தால் அதை மாற்றுவதற்கு முன்கூட்டியே வாங்கி வையுங்கள். சாதாரண ரப்பர் சீல் 100 டிகிரிக்குச் சற்று மேலேயே கெட்டுப்போகும்.

ஸ்பேனரில் பைப் செருகி நீட்டலாமா?

கழற்றும்போது செய்யலாம், இறுக்கும்போது கூடாது. 1 மீட்டர் பைப்பின் முனையில் 60 கிலோ ஆள் தொங்கினால் கிட்டத்தட்ட 590 நியூட்டன் மீட்டர் முறுக்கு விழுகிறது. 16 மி.மீ., 8.8 ரக போல்ட்டுக்கு இறுக்க வேண்டிய அளவு 210 அளவில்தான். மீதி எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பைப் போடும்போது ரிங் ஸ்பேனர் அல்லது பாக்ஸ் ஸ்பேனர் மட்டும். வாய் திறந்த ஸ்பேனர் நழுவினால் ஆள் பின்னால் போய் விழுவார்.

ஸ்டட் (தலையில்லாத மரைக் கம்பி) உள்ளேயே முறிந்துவிட்டது.

முறிந்த முனை மேல் ஒரு வாஷர், அதன் மேல் நட்டு வைத்து, நட்டின் நடுத்துளை வழியாக வெல்டிங் செய்து நிரப்புங்கள். வெல்டிங் சூடே பாதி வேலையை முடித்துவிடும். சிவப்பு போனதும் ஸ்பேனர் போட்டு முன்னும் பின்னுமாக அசைத்துக் கழற்றுங்கள். முதல் நட்டு பிய்ந்து வந்தால் இன்னொன்று. அலுமினிய உறையில் முறிந்த ஸ்டட்டுக்கு இந்த முறை கூடுதல் வசதி, ஏனென்றால் இரும்பு வெல்டிங் அலுமினியத்தில் ஒட்டாது.

ஈஸி அவுட் (முறிந்த போல்ட்டைத் திருகி எடுக்கும் கருவி) வைத்து முறுக்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது உள்ளே முறிந்தால் ட்ரில் பிட்டே இறங்காது.

வளைந்த பாகத்தைப் பழுக்கக் காய்ச்சி நிமிர்த்தலாமா?

பாகத்தைப் பொறுத்தது. டிரெய்லர் சட்டம், கேஜ் வீல் (சேற்றுழவுக்கான இரும்புச் சக்கரம்) கம்பி, மட்கார்டு தாங்கி, சாதாரணக் கலப்பைச் சட்டம் எல்லாம் மென்மையான இரும்பு. நன்றாகச் சிவக்கக் காய்ச்சி நிமிர்த்தலாம். அரைகுறைச் சூட்டில் செய்வதுதான் ஆபத்து. 200 முதல் 350 டிகிரிக்குள், அதாவது நீலம் பூக்கும் சூட்டில், இரும்பு குளிர்ந்த நிலையைவிட நொறுங்கும் தன்மையோடு இருக்கும். அந்த நேரம் சம்மட்டி அடித்தால் விரிசல் விடும். செந்நிறம் மங்கியதும் அடிப்பதை நிறுத்தி மறுபடி காய்ச்சுங்கள். முடிந்ததும் தண்ணீரில் போடாமல் அப்படியே ஆறவிடுங்கள்.

ரோட்டவேட்டர் பிளேடும் ஸ்பிரிங் கொத்தும் பதம் போட்ட எஃகு. காய்ச்சினால் பதம் போய், அடுத்த உழவில் வளையும். கலப்பைக் கொழுவைக் காய்ச்சி அடித்துக் கூராக்கி, முனையை மட்டும் தோய்ப்பது கொல்லருக்குத் தெரிந்த வேலை. அதை அவரிடமே விடுவது லாபம்.

ஸ்டீயரிங் ஆர்ம், டை ராடு, லோயர் லிங்க், டிரெய்லர் பின், ஜாக்கி பாகங்கள்: இவற்றைக் காய்ச்சி நிமிர்த்துவதும் கூடாது, வெல்டிங் போடுவதும் கூடாது. ரோட்டில் ஐந்து டன் கரும்போடு போகும்போது அது விட்டுக்கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துவிட்டுப் புதுசு வாங்குங்கள்.

வார்ப்பிரும்பு உறையில் விரிசல். வெல்டிங் நிற்குமா?

வார்ப்பிரும்புக்கு ஒரே இடத்தில் சூடு பட்டால் ஆகாது. சூடான இடம் விரிய, சுற்றியுள்ள குளிர்ந்த இடம் விடாது, இன்னொரு விரிசல் பிறக்கும். விரிசலின் இரு முனைகளிலும் 3 மி.மீ. துளை போட்டு நிறுத்துங்கள். விரிசல் வழியே கிரைண்டரால் பள்ளம் வெட்டி, எண்ணெயை எரித்து வெளியேற்றுங்கள். பாகம் முழுவதையும் வரட்டித் தீயிலோ கரித்தணலிலோ ஈயக் கம்பி உருகும் சூட்டுக்கு மேல் கொண்டுபோய், நிக்கல் ராடால் ஓர் அங்குலம் ஓர் அங்குலமாக ஓட்டி, ஒவ்வொரு துண்டையும் சூடாறுவதற்குள் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போக வேண்டும்.

முடிந்ததும் ஆறவிடுவதில்தான் எல்லாம் இருக்கிறது. ரைஸ் மில்லில் கிடைக்கும் உமிச் சாம்பலுக்குள் முழுதாகப் புதைத்து மறுநாள் வரை தொடாதீர்கள். உமிச் சாம்பல் சூட்டை விடாமல் பிடித்து வைப்பதில் கெட்டி, எஃகு ஆலைகளிலேயே உருகிய எஃகின் மேல் சூடு போகாமல் இருக்க இதைப் பரப்புகிறார்கள். நம்ம ஊரில் மூட்டைக் கணக்கில் சும்மா கிடைக்கிறது.

தண்ணீர் ஓடும் உறை, சைலன்சர் மேனிஃபோல்டு என்றால் முயன்று பார்க்கலாம். கியர் பாக்ஸ், பின் ஆக்சில் உறை என்றால் வேண்டாம்.

எதற்குச் சூடு காட்டவே கூடாது?

முதலில் டயர் மாட்டியிருக்கும் ரிம். வீல் நட்டு இறுகிவிட்டது என்று டயரோடு சேர்த்துச் சூடு காட்டுவதும், ரிம் விரிசலுக்கு டயரைக் கழற்றாமல் வெல்டிங் போடுவதும் உயிர் வாங்கும் வேலைகள். காற்று விரிவதால் மட்டும் வெடிப்பதில்லை. ரப்பர் உள்ளே வெந்து எரியக்கூடிய வாயுவைக் கக்கும், அது டயருக்குள் தானே பற்றிக்கொண்டு வெடிக்கும். சுடரை அணைத்துப் பல நிமிடம் கழித்தும் வெடித்திருக்கிறது. காற்றை இறக்கினால் போதும் என்பதும் தப்பு. டயரை ரிம்மிலிருந்து முழுதாகப் பிரித்த பிறகே ரிம் மேல் சூடு.

அடுத்து, இரண்டு பக்கமும் மூடிய எதுவும்: ஹைட்ராலிக் சிலிண்டர், ஷாக் அப்சார்பர், அடைத்த பைப், ரோலர். உள்ளே கொஞ்சம் எண்ணெயோ தண்ணீரோ இருந்தாலும் சூட்டில் குண்டுதான். ஹைட்ராலிக் சிலிண்டர் மூடி கழலவில்லை என்றால் இரண்டு ஹோஸ் வாயையும் கழற்றித் திறந்து வைத்துவிட்டுத்தான் மேற்கொண்டு பேச வேண்டும்.

டீசல் டேங்க், எண்ணெய் டிரம். 'காலியாத்தானே இருக்கு' என்பவர்களுக்கு: திரவத்தைவிட உள்ளே மிச்சமிருக்கும் ஆவிதான் வெடிக்கிறது. காலி டிரம்மை வெல்டிங் மேசையாக வைத்துக்கொள்ளும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

துத்தநாகம் பூசிய பாகத்தைச் சூடாக்கினால் வெள்ளைப் புகை வரும். அதைச் சுவாசித்தால் அன்று ராத்திரி குளிர்க் காய்ச்சல் அடிக்கும். பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். எரிந்துபோன சீலைக் கண்டால் வெறுங்கையால் சுரண்டாதீர்கள், சில வகைச் சீல் ரப்பர் கடும் சூட்டில் எரிந்தால் மிகவும் கொடிய அமிலத்தை விட்டுவைக்கும்.

ஜே.சி.பி. பக்கெட் புஷ்ஷை ஃப்ரீசரில் வைத்து ஏற்றலாமா?

ஏற்றலாம், ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது. வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரி வரை போகும். 50 மி.மீ. புஷ் அதில் 0.03 மி.மீ. சுருங்கும். புஷ்ஷை ராத்திரி முழுவதும் ஃப்ரீசரில் வைத்து, காலையில் பக்கெட் காதுப் பகுதியை (புஷ் இறங்கும் துளைப் பகுதியை) 150 டிகிரிக்குச் சூடாக்கினால் இரண்டும் சேர்ந்து 0.1 மி.மீ. கிடைக்கும். புஷ்ஷைப் பாலித்தீன் பையில் கட்டி வையுங்கள், இல்லாவிட்டால் வெளியே எடுத்ததும் ஈரம் படிந்து அங்கேயே துரு தொடங்கும்.

கிளச் மாற்ற டிராக்டரை வீட்டிலேயே இரண்டாகப் பிரிக்கிறோம். என்ன கவனிக்க வேண்டும்?

டிராக்டருக்குத் தனிச் சட்டம் கிடையாது, இன்ஜினும் கியர் பாக்ஸும்தான் சட்டம். பிரித்ததும் முன்பாதி, முன் ஆக்சிலின் நடு பின்னில் இரு பக்கமும் ஆடும். ஆக்சிலுக்கும் மேல் தாங்கிக்கும் நடுவே இரண்டு பக்கமும் மர ஆப்பு அடித்து ஆட்டத்தை நிறுத்திய பிறகே கடைசி போல்ட்டைக் கழற்ற வேண்டும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும், நிறுத்தி வைக்க ரயில்வே ஸ்லீப்பர் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்குங்கள். ஹாலோ பிளாக் கல் சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். புளியமரக் கிளையில் செயின் பிளாக் மாட்டுவது நம்ம பக்கத்து வழக்கம். பச்சைக் கிளை, தண்டோடு ஒட்டிய இடம் என்றால் ஏதோ சரி. தொங்கும் சுமைக்கு அடியில் ஆள் மட்டும் இருக்கக் கூடாது.

சுட்டுவிட்டால்?

குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். பற்பசை, மை, மாவு எதுவும் வேண்டாம். கொப்புளம் உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தாலோ, முகம், கண், விரல் மூட்டில் பட்டிருந்தாலோ ஆஸ்பத்திரிக்குப் போங்கள், 108-ஐக் கூப்பிடத் தயங்காதீர்கள். ஹைட்ராலிக் எண்ணெய் ஊசிமுனை ஓட்டையிலிருந்து பீய்ச்சிக் கையில் குத்தியிருந்தால் வலியே இல்லாவிட்டாலும் உடனே போக வேண்டும், 'எண்ணெய் தோலுக்குள் போயிருக்கிறது' என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

எங்கே உட்கார்ந்து செய்வது?

வைக்கோல்போர், கீற்றுக் கொட்டகை, மாட்டுத் தொழுவம் மூன்றிலிருந்தும் தள்ளி, வெறும் மண் தரையில். ஒரு வாளி மணல், ஒரு வாளி தண்ணீர். காட்டன் சட்டை போடுங்கள். நைலான் சட்டை உருகித் தோலில் ஒட்டும். வேலை முடிந்து அரை மணி நேரம் அங்கேயே இருந்து கங்கு எதுவும் புகைகிறதா என்று பாருங்கள். சூடான பாகத்தின் மேல் சுண்ணக்கட்டியால் 'சூடு' என்று எழுதிவையுங்கள். கறுத்த இரும்பு 400 டிகிரியில் இருந்தாலும் பார்க்க ஆறினமாதிரிதான் இருக்கும், பிள்ளைகள் ஓடி வந்து தொடுவார்கள்.